கிணற்றடியில் தொடங்கிய ஆய்வு

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம். வலிகாமத்துக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டத்தை முடித்துக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, முடிஞ்சுது. திருத்தம் குடுத்திருக்கினம். ஆனா பாஸ்."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. விம்மல் மட்டும் கேட்டது. பிறகு அவளுடைய அம்மா தொலைபேசியை வாங்கினார்.

"பிள்ளை, இவள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. நல்லதோ, கெட்டதோ?"

"நல்லது அம்மா. பெரிய படிப்பு முடிச்சிட்டாள்."

"அப்ப ஏன் அழுகிறாள்?"

அந்தக் கேள்விக்கு ரோட்டில் நின்றுகொண்டு பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லிப் பார்க்கிறேன். தன் பெயரையும் தான் படித்த இடத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஆகவே நான் வழமையாகக் கூப்பிடுவது போல 'தங்கச்சி' என்றே எழுதுகிறேன்.

யார் இந்தத் தங்கச்சி?

வன்னியில் பிறந்தவள். 2009இல் யுத்தம் முடிந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் மாசியில் எறிகணை வீச்சில் தகப்பனை இழந்தாள். அண்ணனைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. வவுனியாவில் முகாம் வாழ்க்கை முடிந்து, 2010இல் தாயும் மகளும் தாயின் ஊரான வலிகாமத்துக்கு வந்தார்கள். இரண்டு பரப்புக் காணி, இடிந்த ஒரு சுவர், பாசி பிடித்த ஒரு கிணறு. அவர்களுக்கு மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

சமூகவியலில் பட்டம் முடித்து நான் களப்பணியில் சேர்ந்தது 2011இல். என் பதிவேட்டில் முதல் பக்கத்தில் இருந்த குடும்பங்களில் இதுவும் ஒன்று. தங்கச்சி அப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். முகாமுக்குள் தவறிப்போன பாடங்களைக் குப்பி விளக்கில் திரும்பப் படித்தாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் கணக்கு? கலைப்பிரிவில விடுங்கோவன்" என்று அயலில் சொன்னார்கள். தாய் கேட்கவில்லை. பட்டதாரியாகிய நானும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

அவள் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானாள். குடிசார் பொறியியலில் பட்டம் பெற்றாள். 2019இல் முதுதத்துவமாணி ஆய்வுக்குப் பதிவு செய்தாள்.

கேள்வியே கையில் இல்லாத பரீட்சை

பட்டத்துக்கு மேலே படிக்கும் படிப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வகுப்புகள் நடக்கும், பரீட்சை நடக்கும், கடைசியில் சிறிய ஆய்வொன்று இருக்கும். மற்றது முழுக்க முழுக்க ஆய்வு. அதில் மணி அடிக்காது, கேள்வித்தாளும் வராது. எதைக் கேட்க வேண்டும் என்பதையே மாணவிதான் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பற்றி முன்பு உலகில் யார் யார் என்ன எழுதினார்கள் என்று வாசித்து, இன்னும் தெரியாமல் இருப்பது எது என்று காட்ட வேண்டும். பிறகு எப்படித் தேடப்போகிறேன் என்று முன்மொழிவு எழுத வேண்டும். மேற்பார்வையாளர் வழி காட்டுவார், கூட நடந்து வர மாட்டார். வருடக் கணக்கில் அளந்து, கணித்து, எழுதி, கடைசியில் பரீட்சகர்கள் முன்னால் தனியே இருந்து வாயால் பதில் சொல்ல வேண்டும்.

தங்கச்சியின் கேள்வி பிறந்தது கிணற்றடியில். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் சில கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தபோது, ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு கிணறுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுகளைக் காட்டின. ஒன்றில் நைத்திரேற்று குறைவு, மற்றதில் மிக அதிகம். "ஒரே நிலம், ஒரே மழை. ஏன் அக்கா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு நைத்திரேற்று என்றால் என்னவென்றே தெரியாது.

எங்கள் நிலத்தின் கதை

அவள் எனக்கு விளங்கப்படுத்தியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. நாம் கிணற்றில் அள்ளுவது அந்த மழையைத்தான். நிலத்துக்கு அடியில் இருக்கும் நன்னீர், கடல் நீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. உப்பு நீரை விட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொறியியலாளர்கள் பாவிக்கும் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். துலாவில் அள்ளிய காலத்தில் இல்லாத பயம், மோட்டர் வந்த பிறகு வந்தது இதனால்தான். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது பலருக்கும் தெரிந்த விடயம்.

சுண்ணாம்புக் கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய. மண்ணில் தண்ணீர் மெதுவாக வடிந்து சுத்தமாகி இறங்கும். வெடிப்புள்ள கல்லிலோ குழாயில் ஓடுவது போல நேரே ஓடிவிடும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும் மாட்டெருவும், மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும் அந்த வழியாலேயே கிணற்றுக்குப் போய்ச் சேர முடியும். இவை எல்லாவற்றிலும் உள்ள நைதரசன், நிலத்தில் நைத்திரேற்றாக மாறுகிறது.

நைத்திரேற்றுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் அதிகம் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகள், குறிப்பாக ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள். இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் சக்தியை இழக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. ஆங்கிலத்தில் இதை 'நீலக் குழந்தை நோய்' என்று பொருள்படும் பெயரால் சொல்கிறார்கள்.

அடுத்து அவள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

"தண்ணியைக் கொதிக்க வைச்சா கிருமி சாகும் அக்கா. நைத்திரேற்று போகாது. தண்ணி ஆவியாகிக் குறையேக்க அது இன்னும் தடிக்கும்."

எட்டு வருடங்களாக நான் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன்! "நல்லாக் கொதிக்க வைச்சுக் குடுங்கோ, பயமில்லை." கிருமிக்கு அது சரியான அறிவுரை. ஆனால் அது முழு உண்மை இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மீள்குடியேற்றத்தில் வீட்டுத் திட்டங்கள் வந்தபோது, மலசலகூடக் குழிக்கு நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட நாட்களில் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்தவள் நான். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இரண்டு பரப்புக் காணியில் வீடும் வைத்து, பாதையும் விட்டு, அயல்வீட்டுக் கிணற்றையும் பார்த்து அந்த ஐம்பது அடியை எங்கே தேடுவது? சில இடங்களில் நாற்பது அடியோடு விட்டோம், சில இடங்களில் முப்பதோடு விட்டோம். 'பெண்கள் இரவில் காட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும்' என்று அன்று நினைத்தோம். அப்படி நினைத்ததும் பிழை இல்லை.

மீன் சந்தை ஐஸும் நாற்பது போத்தல்களும்

நாற்பது கிணறுகளைத் தெரிவு செய்தாள். தோட்டக் கிணறு, வீட்டுக் கிணறு, கோயில் கிணறு என்று எல்லா வகையும் இருந்தன. ஒவ்வொன்றிலும் மழைக்கு முன், மழைக்குள், மழைக்குப் பின் தண்ணீர் எடுக்க வேண்டும். எடுத்த தண்ணீரைக் குளிரில் வைத்து, இரண்டு நாளுக்குள் ஆய்வுகூடத்தில் சோதித்துவிட வேண்டும். விடியற்காலை மீன் சந்தைக்குப் போய், மீன் விற்கும் அம்மாமாரிடம் ஐஸ் வாங்கி, றெஜிபோம் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு புறப்படுவாள். பெட்டியில் எப்போதும் மீன் வாடை. ஆய்வுகூடத்தில் மற்றவர்கள் சிரிப்பார்களாம்.

ஊர்ச் சனம் முதலில் நம்பவில்லை. "கிணத்தை மூடப்போகினமோ? தண்ணிக்குக் காசு அறவிடப்போகினமோ?" என்று கேட்டார்கள். அந்த நேரம் நான் கூடப் போனேன். என்னைத் தெரிந்த முகம் என்று படலை திறந்தார்கள். சில நாளில் எங்கள் பெண்களே வேலையை ஏற்றுக்கொண்டார்கள். எத்தனை முழக் கயிறு விட்டால் தண்ணீர் தொடும், எந்த மாதம் கிணறு உவர்க்கும், குழி எந்த வருடம் வெட்டியது என்பதெல்லாம் அவர்கள் நாவில் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல். தங்கச்சி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஆய்வுகூடத்தில் நடப்பதை ஒருநாள் எனக்குக் காட்டினாள். தண்ணீரைச் சிறிய கண்ணாடிக் கலத்தில் விட்டு, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த ஒளியைச் செலுத்துகிறார்கள். நைத்திரேற்று கூடினால் அதிக ஒளி விழுங்கப்படும். அதை வைத்து அளவு கணிக்கப்படும். ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு போத்தலில் எடுத்து இரண்டு தடவை அளப்பாள். வெறும் தூய நீரையும் ஒரு தடவை அளப்பாள். "ஏன் இவ்வளவு மினக்கெடுகிறாய்?" என்று கேட்டேன். "என்னை நானே நம்பக்கூடாது அக்கா. அதுக்குத்தான்" என்றாள்.

வருடங்கள் விழுங்கியவை

2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஆய்வுகூடம் பூட்டப்பட்டது. ஒரு பருவம் முழுவதும் போயிற்று.

2021 வைகாசியில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. கார்த்திகையில் அது விலக்கப்படும் வரை தோட்டக்காரர் பட்ட பாடு நீங்கள் அறிவீர்கள். தங்கச்சியோ, "உரம் போடாத காலத்தில நைத்திரேற்று குறையுதோ எண்டு பார்க்கலாம்" என்று ஓடித்திரிந்தாள். உரமே முதல் காரணம் என்பது அவளுடைய கருதுகோள். ஆனால் அவள் எதிர்பார்த்த பல வீட்டுக் கிணறுகளில் அளவு குறையவில்லை. தன் எண்ணத்துக்கு மாறாக வந்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு அன்றிரவு முழுக்க இருந்தாள்.

2022இல் எரிபொருள் இல்லை. பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்றோம். ஸ்கூட்டியை விட்டுவிட்டு தாயின் பழைய சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டினாள். பங்குனி முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. ஒருநாள் வெயிலில் உழக்கி எடுத்துவந்த போத்தல்கள் குளிரூட்டி நின்று போனதால் பழுதாகின. டொலர் இல்லாததால் இரசாயனப் பொருட்கள் வரவில்லை. ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் பார்த்த வேலையும் போய்விட்டது. தாயின் கடைசிச் சோடி காப்பு வங்கியில் அடகுக்குப் போனது அந்த ஆவணியில்தான்.

"முப்பது வயசாச்சு. கலியாணமும் இல்லை, வேலையும் இல்லை. கிணறு கிணறாத் திரியிறாள்" என்று ஊர் பேசியது. ஒருநாள் என் அறை வாசலில் வந்து குந்தினாள். "விட்டிடுவம் எண்டு நினைக்கிறன் அக்கா. இது என்ரை அம்மாவுக்கு ஒரு நேரச் சோறு போடுமோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு நான் வாசித்திருந்த சில பெண்களின் கதைகளைச் சொன்னேன்.

முன்னே நடந்தவர்கள்

சென்னையில் 1919இல் பிறந்தவர் அ. லலிதா. பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானார். விதவை மூலைக்குள் இருக்க வேண்டும் என்ற காலத்தில், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1943இல் படிப்பை முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர்களில் ஒருவர் அவர். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்தும் பாதைகளுக்கான வேலையில் அவருடைய பங்கு உண்டு. மறுமணம் செய்யவில்லை. மகளை வளர்த்துக்கொண்டே வேலையும் செய்தார். 1964இல் நியூயோர்க்கில் நடந்த பெண் பொறியியலாளர்களதும் விஞ்ஞானிகளதும் முதலாவது சர்வதேச மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

அமெரிக்காவில் எடித் கிளார்க் சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். தனக்கு வந்த முதுசக் காசைச் சீதனமாக வைத்திருக்காமல் படிப்புக்குச் செலவழித்தார். 1919இல் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் மின் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பட்டம் கையில் இருந்தும் பொறியியலாளர் வேலை உடனே கிடைக்கவில்லை. கணக்குப் போடும் பெண்களை மேற்பார்வை செய்யும் வேலையே கொடுத்தார்கள். மின்கம்பிப் பாதைகளின் சிக்கலான கணக்குகளை இலகுவாக்கும் ஒரு கணிப்புக் கருவியை உருவாக்கி 1925இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1947இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகச் சேர்ந்தார்.

எங்கள் நாட்டின் முதல் பெண் பொறியியலாளர் என்று கொள்ளப்படுபவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது பலருக்குத் தெரியாது. பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம் 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, பின் ஒக்ஸ்போர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 2019 பங்குனியில் நாடாளுமன்றம் கௌரவித்த பன்னிரண்டு பெண்களில் அவரும் ஒருவர்.

தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். "அவை எல்லாம் பெரிய ஆக்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். கதை சொல்லி நான் அவளை மாற்றிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அடுத்த கிழமை அவளைத் திருப்பி இழுத்தது வேறொரு விடயம்.

சொல்வதா, விடுவதா?

அவளுடைய கிணறுகளில் ஒன்று, கணவனை இழந்த ஓர் அக்காவின் வீட்டில் இருந்தது. அந்த அக்காவின் மகள் பிள்ளை பெற்றதும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, மூன்று மாதக் குழந்தையை அம்மம்மா புட்டிப்பாலில் வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிணற்றின் அளவு இரண்டு தடவையும் எல்லைக்கு நன்றாக மேலே நின்றது. குழி கிணற்றுக்கு அருகில். அந்தக் கோட்டைப் போட்ட நாளில் அங்கே நின்றவள் நான்.

ஆய்வு முடியும் வரை முடிவுகளை வெளியிடுவது சரியில்லை என்பது பொதுவான முறை. பிழையான இலக்கம் ஊரைக் குழப்பிவிடும். "மூண்டாந் தரம் அளந்து உறுதிப்படுத்தாமல் எப்படிச் சொல்லுறது?" என்று தங்கச்சி தவித்தாள். "அளக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை அதைத்தானே குடிக்கும்?" என்று நான் கேட்டேன். கடைசியில் மேற்பார்வையாளரிடமே கேட்டாள். குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும், 'இது இறுதி முடிவல்ல, ஆனால் பாலுக்கு வேறு தண்ணீர் பாவியுங்கள்' என்று சொல்ல அவர் சம்மதித்தார்.

இருவரும் போனோம். நான்தான் சொன்னேன். கொதிக்க வைத்தால் போதும் என்று முன்பு சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அந்த அக்கா கோபப்படவில்லை. குழந்தையின் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம் இல்லை. பிறகு கேட்டார்: "ஷெல்லுக்குத் தப்பி வந்தம். இப்ப தண்ணிக்கும் தப்ப வேணுமோ?"

குடும்பநல உத்தியோகத்தரிடம் குழந்தையைக் காட்டினோம். பிள்ளை சுகமாகத்தான் இருந்தது. பாலுக்குப் பரிசோதித்த தண்ணீர் கொண்டுவர ஒழுங்கு செய்தோம். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது தங்கச்சி விட்டுவிடுவதைப் பற்றிப் பேசவில்லை. "மூண்டாந் தரம் வடிவா அளக்க வேணும் அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

எழுத்தும் வாய்மொழிப் பரீட்சையும்

அளந்து முடிப்பது பாதி வேலை. மற்றப் பாதி எழுத்து. தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்பது மலை. ஒவ்வொரு பந்தியையும் முதலில் பழைய அப்பியாசக் கொப்பியில் தமிழில் எழுதுவாள். இரவில் எனக்கு வாசித்துக் காட்டுவாள். எனக்கு விளங்காத இடத்தில் கோடு போடுவாள். "உங்களுக்கு விளங்கேல்லை எண்டா எனக்கே இன்னும் விளங்கேல்லை" என்பாள். பிறகு ஆங்கிலத்தில் மாற்றுவாள். இப்படி ஒரு வருடம் போனது.

தன் கருதுகோள் முழுதாகச் சரிவரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினாள். அதுதான் கடினமான அத்தியாயம். உரம் நின்ற காலத்திலும் நைத்திரேற்று குறையாததற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். குழியில் இருந்து வருவது ஒன்று. பல வருடம் போட்ட உரம் மண்ணில் தங்கி மெதுவாக இறங்குவது மற்றது. எது என்று பிரித்துப் பார்க்க, குளோரைட்டையும் மலத்தால் வரும் பக்ரீரியாவையும் சேர்த்து அளந்தாள். குழி கிட்ட உள்ள கிணறுகளில் இவையும் சேர்ந்து கூடின. தோட்டத்து நடுவில் உள்ள கிணறுகளில் பெரும்பாலும் நைத்திரேற்று மட்டும் கூடியது. ஆனால் வெடிப்புக் கல்லில் தூரமான குழியும் கிணற்றை எட்டலாம் என்பதால், எல்லாக் கிணற்றுக்கும் ஒரே விடை சொல்ல முடியவில்லை.

பரீட்சகர் ஒருவர் அதைத்தான் பிடித்தார். "இது குழிதான், பழைய உரம் இல்லை என்று நிச்சயமாகச் சொல்வீர்களா?" தங்கச்சி கொஞ்ச நேரம் யோசித்தாளாம். பிறகு, "சில கிணறுகளுக்குச் சொல்லுவேன். மற்றவைக்கு என்னிடம் உள்ள தரவு போதாது" என்றாளாம். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தாளாம். அந்த அத்தியாயத்தில் திருத்தம் கேட்டார்கள், சித்தி கொடுத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது ஆய்வில் தோல்வி இல்லை என்பதை அன்றுதான் நானும் படித்தேன்.

சனசமூக நிலையத்தில்

பட்டத்தை விடப் பெரிய பரீட்சை ஒன்று மிச்சம் இருந்தது. நாற்பது கிணற்று உரிமையாளர்களையும் சனசமூக நிலையத்துக்குக் கூப்பிட்டோம். ஒவ்வொருவருக்கும் அவரவர் கிணற்றின் அளவு எழுதிய தாளைத் தனித்தனியாகக் கொடுத்தாள். பொதுவில் யாருடைய இலக்கத்தையும் வாசிக்கவில்லை.

ஓர் அம்மா எழும்பினார். "ஐஞ்சு வருசமாத் தண்ணி அள்ளிக்கொண்டு போனனீ. இப்பதான் சொல்லுறாய் என்ன?"

அது நியாயமான கோபம். தங்கச்சி எந்தச் சமாதானமும் சொல்லாமல், "ஓம் அம்மா, பிந்தித்தான் போச்சு" என்றாள். அந்த அம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, இனி என்ன செய்யிறது? அதைச் சொல்லு" என்று இருந்தார். கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. குழிகளைச் சீமெந்தால் அடைத்துக் கட்டுவது, மழைநீர்த் தொட்டி கேட்டு மாதர் சங்கத்தின் பெயரில் பிரதேச செயலகத்துக்கு எழுதுவது என்று இரண்டு தீர்மானங்கள் எடுத்தார்கள். கடிதம் போயிருக்கிறது. பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

உங்கள் கிணற்றுக்கு

• கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் நைத்திரேற்று இருப்பது தெரிய வராது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள்.

• பரிசோதனைத் தாளில் 'நைத்திரேற்று' என்று இருந்தால் எல்லை 50. 'நைத்திரேற்று நைதரசன்' என்று இருந்தால் எல்லை சுமார் 11. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

• கொதிக்க வைப்பதாலும் துணியில், மணலில், கரியில் வடிப்பதாலும் நைத்திரேற்று போகாது. ஆனால் கிருமிக்குக் கொதிக்க வைப்பது அவசியம். அதை விட்டுவிடாதீர்கள்.

• ஆறு மாதம் வரை தாய்ப்பாலே பாதுகாப்பு. புட்டிப்பால் கொடுக்க வேண்டி வந்தால் பரிசோதித்த தண்ணீரையே பாவியுங்கள். உதடு, நகம் நீலம் பாய்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

• புதிதாகக் குழி வெட்டும்போது கிணற்றில் இருந்து இயன்ற அளவு தள்ளி வெட்டுங்கள். அனர்த்த கால உதவிக்கான சர்வதேச வழிகாட்டல் 30 மீற்றர் என்கிறது. சுண்ணாம்புக் கல்லில் தூரம் மட்டும் போதாது, அடிப்பக்கத்தை அடைத்துக் கட்டுவதும் நல்லது.

• 2024 ஆவணியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வருமாயின் குடிக்க அதைப் பாவித்து, கிணற்றை மற்றத் தேவைகளுக்கு வையுங்கள்.

ஒரு பிள்ளை ஆய்வு செய்யப் போகிறாள் என்றால்

சகோதரிகளே, உங்கள் மகளோ மருமகளோ இப்படி ஒரு படிப்பைத் தொடங்கினால், "எப்ப முடியும்?" என்று கேட்பதைக் கொஞ்சம் குறையுங்கள். அது அவளுக்கே தெரியாது. "இண்டைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் கேளுங்கள். பதிவு செய்யும் முன் உதவித்தொகை உண்டா, மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருதரம் சந்திப்பார், காலம் நீடித்தால் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். தங்கச்சி இதைக் கேட்காமல் தொடங்கிப் பின்னர் கஷ்டப்பட்டாள்.

காப்பு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. தங்கச்சி இப்போது ஒரு நீர்வழங்கல் திட்டத்தில் வேலை செய்கிறாள். மாதா மாதம் வட்டி கட்டி, முதலிலும் கொஞ்சம் குறைத்து வருகிறாள். போன கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அம்மா ஆய்வேட்டைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். முதற் பக்கத்தில் ஆங்கிலத்தில் தகப்பனின் பெயரும் அண்ணனின் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே நாற்பது வீட்டுப் பெண்களுக்கும் நன்றி.

"வாசியன் பிள்ளை, என்ன எழுதியிருக்கிறாள் எண்டு" என்றார் அம்மா. கிணற்றடியில் இருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.